ஒரு பருவத்தின் கணக்கு

(கடியப்பட்டணத்தில் ஆசிரியர்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விளையாட்டும் மாணவர் மனமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அடங்காத தலைப்பு. ஆகவே அதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மாணவர் ஒரு போட்டிப் பருவத்தில் எப்படி ஏறுகிறார், எப்படி இறங்குகிறார் என்று பார்ப்போம். அந்த ஏற்ற இறக்கத்தில் ஆசிரியராகிய நமக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி.

நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு டிரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. நம் பள்ளிகளில் கபடி, கைப்பந்து, கால்பந்து அளவுக்கு இது பரவவில்லை. ஆனாலும் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்த ஊரின் வாசலிலேயே கடல் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக்கும் முட்டத்துக்கும் நடுவே கடலோரத்தில் சாலை இருக்கிறது. ஓடுவதற்கு மணல் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு வேண்டிய மூன்றையும் நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கப்படும். ஒரு மாணவர் எங்கே முன்னேறினார், எங்கே பின்தங்கினார் என்பது எண்ணாக நம் கையில் கிடைக்கும். விடைத்தாளைக் கேள்வி வாரியாகப் பார்ப்பதைப்போல ஒரு போட்டியைப் பகுதி வாரியாகப் பார்க்கலாம்.

மூன்று பகுதி, நான்காவது ஒன்று

இது பழைய விளையாட்டு அல்ல. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1974-ஆம் ஆண்டு ஓட்டக்காரர்கள் சிலர் கூடி, ஓட்டப் பயிற்சியின் அலுப்பைப் போக்க நடத்திய போட்டியில் தொடங்கியது. 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக் போட்டியாயிற்று. ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இளையோர் பெரும்பாலும் இதில் பாதியைச் செய்வார்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். சிறுவர்களுக்கு அதைவிடவும் குறைவு.

இந்தியாவும் இதில் பின்தங்கியே கிடக்கவில்லை. 2019 டிசம்பரில் நேபாளத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்கள் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் தங்கம், வெள்ளி இரண்டையும் நம் நாட்டவரே வென்றார்கள். அன்று வெள்ளி வென்ற குஜராத்தின் பிரக்ஞா மோகன் பட்டயக் கணக்காளர் தேர்வில் தேறியவர். 'விளையாடினால் படிப்பு போய்விடும்' என்று சொல்லும் பெற்றோரிடம் நாம் எடுத்துக்காட்டக்கூடிய பெயர். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அவர் இந்தியாவுக்காகப் பங்கேற்றார். அங்கே பதக்க வரிசைக்கு வெகு தொலைவில்தான் முடித்தார். தெற்காசியாவில் மேடையேறியவர் காமன்வெல்த்தில் பட்டியலின் கீழ்ப்பாதியில் நிற்கிறார். இதை ஏற்றம் என்பதா, இறக்கம் என்பதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரையத்லானில் மூன்று பகுதிகள் என்றேன். போட்டியாளர்கள் நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள். நீரிலிருந்து வெளியே வந்து சைக்கிளுக்கு மாறும் நேரமும், சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டத்துக்கு மாறும் நேரமும்தான் அது. நீச்சல் தொப்பியைக் கழற்ற வேண்டும், தலைக்கவசத்தை மாட்டிப் பூட்ட வேண்டும், அதன் பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். வரிசை தவறினால் தண்டனை. இதற்கு ஆகும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும். நன்றாக நீந்தி, நன்றாக ஓட்டி, மாறும் இடத்தில் தடுமாறித் தோற்றவர்கள் பலர்.

நம் பிள்ளைகளின் வாழ்க்கையிலும் இப்படி மாறும் இடங்கள் உண்டு. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு, வேறு பள்ளிக்குப் போகும்போது ஒன்று. பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது ஒன்று. படிப்பில் பலவீனமில்லாத பிள்ளைகூட அந்த இடத்தில் தடுமாறி நின்றுபோவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பருவம் என்றால் என்ன?

ஒரு போட்டியில் தோற்றால் 'தோற்றுவிட்டான்' என்கிறோம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் 'கீழே போய்விட்டாள்' என்கிறோம். ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறோம். ஆனால் இந்த ஊரில் யாரும் தொழிலை ஒரு நாளை வைத்து அளப்பதில்லை.

இங்கே ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும், கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து கடலுக்குப் போனாலும் எல்லா நாளும் மீன்பாடு இருக்காது. எண்ணெய்ச் செலவுக்குக்கூடக் கட்டாமல் திரும்பும் நாள்கள் உண்டு. அதற்காக யாரும் வலையைக் கொளுத்திப் போடுவதில்லை. வலை கிழிந்ததா, இடம் தவறியதா, நீரோட்டம் மாறியதா என்று பார்க்கிறார்கள். கிழிந்திருந்தால் கரையில் உட்கார்ந்து பின்னுகிறார்கள். வருமானத்தைப் பருவக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையை நாம் ஒரே நாளின் மதிப்பெண்ணை வைத்து அளந்தால், வீட்டில் அது கற்றுக்கொண்ட நிதானத்தைப் பள்ளியில் இழந்துவிடும்.

போட்டிப் பருவமும் அப்படித்தான். முதலில் உடலைத் தயார்ப்படுத்தும் காலம். பிறகு சிறிய போட்டிகள். பிறகு முக்கியமான ஒன்றோ இரண்டோ போட்டிகள். கடைசியில் ஓய்வு. கடும் பயிற்சியின் நடுவே வரும் சிறிய போட்டியில் உடல் களைத்திருக்கும், நேரம் கூடத்தான் செய்யும். முக்கியப் போட்டிக்கு முன்னால் பயிற்சியைக் குறைத்தால் உடல் மீண்டு வரும், நேரம் குறையும். இது தெரியாத வீட்டாரும் ஆசிரியரும் நடுவில் வந்த இறக்கத்தைப் பார்த்துப் பதறி, 'இன்னும் பயிற்சி செய்' என்று விரட்டினால் களைத்த உடல் மேலும் களைக்கும். விளையாட்டில் மாணவர் உடைந்துபோகும் வழிகளில் இது முக்கியமான ஒன்று.

ஒரு மாணவியின் நேரப் பட்டியல்

ஒரு கணக்குச் செய்வோம். புரிதலுக்காக நானே அமைத்துக்கொண்ட கணக்கு இது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் ஒரு பருவத்தில் இரண்டு போட்டிகளில் கலந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் போட்டி குளத்தில். நீச்சல் 15 நிமிடம் 10 நொடி. முதல் மாற்றம் 1 நிமிடம் 40 நொடி. சைக்கிள் 42 நிமிடம் 30 நொடி. இரண்டாம் மாற்றம் 1 நிமிடம் 5 நொடி. ஓட்டம் 25 நிமிடம் 20 நொடி. மொத்தம் 1 மணி 25 நிமிடம் 45 நொடி.

இரண்டாம் போட்டி கடலில், அலை அதிகமான நாளில். நீச்சல் 17 நிமிடம் 40 நொடி. முதல் மாற்றம் 2 நிமிடம் 30 நொடி. சைக்கிள் 41 நிமிடம் 50 நொடி. இரண்டாம் மாற்றம் 1 நிமிடம். ஓட்டம் 24 நிமிடம் 40 நொடி. மொத்தம் 1 மணி 27 நிமிடம் 40 நொடி.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் 1 நிமிடம் 55 நொடி பின்தங்கிவிட்டார். வீட்டில் முகம் வாடும். பள்ளியில் 'போன தடவை நல்லா செஞ்சியே, இப்ப என்ன ஆச்சு?' என்று கேட்போம். மாணவியும் தன்னால் முடியவில்லை என்றே நினைப்பார்.

பகுதி வாரியாகப் பாருங்கள். சைக்கிளில் 40 நொடி முன்னேற்றம். இரண்டாம் மாற்றத்தில் 5 நொடி. ஓட்டத்தில் 40 நொடி. ஆக 85 நொடி முன்னேறியிருக்கிறார். இழந்தது நீச்சலில் 150 நொடி, முதல் மாற்றத்தில் 50 நொடி. நீச்சலில் இழந்ததைக் குளத்தின் நேரத்தோடு ஒப்பிடுவதே சரியல்ல, ஏனென்றால் அலை எல்லோரையும்தான் தாமதப்படுத்தியது. அன்று அவரோடு நீந்திய மற்றவர்களின் நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மீதியிருப்பது முதல் மாற்றத்தில் போன 50 நொடி. அதைச் சரிசெய்யக் கடலும் வேண்டாம், குளமும் வேண்டாம். பள்ளி மைதானத்தில் ஒரு சைக்கிளும் ஒரு தலைக்கவசமும் வைத்துத் தினமும் பத்து நிமிடம் பழகினால் போதும்.

இப்போது அந்த மாணவியிடம் நாம் சொல்லக்கூடியது மாறிவிட்டதா இல்லையா? 'ஏன் பின்தங்கினாய்?' என்ற கேள்வி, 'ஓட்டத்தில் 40 நொடி எப்படிக் குறைத்தாய்? மாற்றத்தில் எங்கே தடுமாறினாய்?' என்று ஆகிவிட்டது. முதல் கேள்விக்குப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும்.

காலாண்டுத் தேர்வையும் அரையாண்டுத் தேர்வையும் இப்படிப் பார்க்கலாம். கணக்கில் 62 வாங்கியவன் 55-க்கு வந்தால், 7 மதிப்பெண் போயிற்று என்று முன்னேற்ற அறிக்கையில் சிவப்பு மையால் எழுதுவது எளிது. வடிவியலில் ஏறி, இயற்கணிதத்தில் இறங்கியிருக்கிறானா, வினாத்தாளே கடினமாயிருந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் நம் தொழில்.

சிலரின் பருவங்கள்

வரலாற்றிலிருந்து சில பருவங்களைச் சொல்கிறேன். வகுப்பில் நீங்களும் சொல்லலாம்.

கொல்கத்தாவின் ஆரத்தி சாகா, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்குப் பதினொரு வயது. 1959 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் போட்டியில் இறங்கினார். துணைப் படகு நேரத்துக்கு வரவில்லை. தாமதமாகவே தொடங்கினார். பல மணி நேரம் நீந்தியும் எதிர்நீரோட்டத்தால் இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல் தொலைவில் கைவிட நேர்ந்தது. சரியாக 33 நாள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் தேதி, மீண்டும் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்திக் கரையேறினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். அப்போது வயது பத்தொன்பது. முதல் முயற்சியின் தோல்வியில் அவருடைய திறமைக்குப் பங்கு மிகக் குறைவு, படகும் நீரோட்டமும்தான் காரணம் என்பதைப் பிரித்துப் பார்த்ததால்தான் அதே பருவத்தில் இரண்டாம் முயற்சி நடந்தது.

நம் தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன். 1994-ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்தபோது, ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்தார். 1966-இல் மிகிர் சென் ஐந்தைக் கடந்து வைத்திருந்த சாதனையைப் பன்னிரண்டு வயதுப் பையன் முறியடித்தான் என்று நாடே பேசியது. அருச்சுனா விருதும் கிடைத்தது. அத்தகைய பருவம் கண்டவர், செலவைத் தாங்கும் ஆதரவு தொடர்ந்து கிட்டாத நிலையில் போட்டி நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் போனார். பொறியியல் படித்து வாழ்க்கையில் நன்றாகவே நிலைகொண்டார். இதை நான் சோகக் கதையாகச் சொல்லவில்லை. இறக்கம் எப்போதும் மாணவரின் உடலிலிருந்தோ மனத்திலிருந்தோ வருவதில்லை, சில நேரம் பணத்திலிருந்து வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அது தெரிந்திருந்தால், திடீரென்று பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையிடம் 'சோம்பேறி ஆகிவிட்டாய்' என்று சொல்ல மாட்டோம்.

மூன்றாவது, டிரையத்லானிலிருந்தே. பெர்முடா என்று அட்லாண்டிக் கடலில் ஒரு தீவு. மக்கள் தொகை ஏறத்தாழ 64 ஆயிரம். நம் நாகர்கோவில் நகரத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தத் தீவின் ஃபுளோரா டஃபி இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இருபது வயதில் போனார். போட்டியை முடிக்கவே முடியவில்லை. விளையாட்டையே விட்டுவிட்டு, அமெரிக்காவின் கொலராடோவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகவியல் படிக்கப் போய்விட்டார். படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மெல்ல மெல்ல மீண்டும் பயிற்சியில் இறங்கினார்.

2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்தார், 45-ஆவது இடம். 2016 ரியோவில் எட்டாவது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகப் பட்டம். 2018-இல் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டில் காலில் காயம், ஓராண்டுக்கு மேல் போட்டியில்லை. 2021 ஜூலை 27-ஆம் தேதி டோக்கியோவில் தங்கம். பெர்முடாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். கோடைக்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவற்றில் மக்கள் தொகையில் மிகச் சிறியது அந்தத் தீவு.

2008-இல் அவர் விளையாட்டை விட்டபோது யாரும் அவருடைய கதவைச் சாத்திவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். படிக்கப் போனார், திரும்பி வந்தார். நம் பள்ளிகளில் ஓராண்டு விளையாட்டை விட்டுவிட்டு மீண்டும் வரும் மாணவியை அணியில் சேர்க்கிறோமா? 'அப்பவே விட்டுட்டுப் போனவதானே' என்கிறோமா?

இன்னொருவர் அமெரிக்காவின் க்வென் ஜார்கன்சன். கல்லூரியில் நீச்சலும் ஓட்டமும் செய்தவர், கணக்காளராக வேலை பார்த்தவர். 2012 ஒலிம்பிக்கில் சைக்கிள் டயர் பஞ்சராகி 38-ஆவதாக வந்தார். பிறகு உலகத் தொடரில் அடுத்தடுத்து 12 போட்டிகளில் வென்றார். 2016 ஒலிம்பிக் ஆண்டின் தொடக்கத்தில் அந்த வெற்றித் தொடர் அறுந்தது, இரண்டாவதாக வந்தார். நான்கு மாதம் கழித்து ரியோவில் தங்கம். தொடர் அறுந்த நாளில் 'அவ்வளவுதான், முடிந்தது' என்று எழுதியிருந்தால் எழுதியவர்தான் தவறியிருப்பார்.

இறக்கத்துக்குக் காரணம் தேடும்போது

ஒரு மாணவரின் நேரமோ மதிப்பெண்ணோ தொடர்ந்து இறங்கினால், மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடலைப் பாருங்கள். நான் வரிசையாகக் கேட்கச் சொல்வது நான்கு கேள்விகள்.

முதல் கேள்வி, சாப்பிட்டாயா? காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு அப்படியே வகுப்புக்கு வரும் பிள்ளைகள் உண்டு. வளரும் வயதில் பயிற்சிக்கும் வளர்ச்சிக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். ஓட்டத்துக்கு உடல் இளைத்திருந்தால் நல்லது என்று எண்ணிச் சாப்பாட்டைக் குறைக்கும் பெண் பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்றுபோவது கடும் பயிற்சியின் அடையாளம் என்று சிலர் பெருமையாக நினைப்பதுண்டு. அது உடலுக்குத் தேவையான ஆற்றல் போதவில்லை என்ற எச்சரிக்கை, எலும்பைப் பலவீனமாக்கும். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாளை விளையும் கடற்கரையில், விளையாடும் பிள்ளைக்கு விலையுயர்ந்த மாவு டப்பா தேவையில்லை. வீட்டு மீன்குழம்பும் சோறும் நல்ல சாப்பாடு.

இரண்டாவது, இரும்புச்சத்து. முன்பு எளிதாக ஓடிய மாணவி இப்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறாள், வகுப்பில் தலைசாய்க்கிறாள் என்றால் இரத்தசோகையை நினையுங்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்களா, விழுங்குகிறார்களா என்று வகுப்பாசிரியர் பார்ப்பது ஒரு பயிற்சியாளர் செய்யும் வேலைக்குச் சமம்.

மூன்றாவது, தூக்கம். மீன்பிடி வீடுகளில் அப்பா பின்னிரவில் கடலுக்குப் புறப்படுவார். வீடே விழித்துக்கொள்ளும். அந்த வீட்டுப் பிள்ளையின் தூக்கம் உடைந்த தூக்கம். அதோடு கைப்பேசி சேர்ந்தால் மிச்சமும் போயிற்று. அதிகாலைப் பயிற்சிக்கு வரவில்லை என்று தண்டிக்கும் முன் இதைக் கேளுங்கள். சிலருக்கு மாலைப் பயிற்சிதான் பொருந்தும்.

நான்காவது, வெயிலும் தண்ணீரும். 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் உலகத் தொடரின் கடைசிப் போட்டி. பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். எல்லைக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் வெப்பத்தால் தள்ளாடி நின்றார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தன் வெற்றியை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு போய், தனக்கு முன்னால் தம்பியைக் கோட்டுக்கு அப்பால் தள்ளினார். உலகமே அந்தக் காட்சியை நெகிழ்ச்சியோடு பார்த்தது. நாம் நெகிழ்ச்சியோடு நிற்கக் கூடாது. உலகத்தில் மிகத் தேர்ந்த உடல் ஒன்று, மிகத் தேர்ந்த பயிற்சியோடு, வெப்பத்தில் இப்படி விழுந்தது என்றால், மார்ச் மாத நண்பகலில் விளையாட்டு விழா ஒத்திகை என்று நாம் வரிசையில் நிறுத்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உடல் என்னவாகும்? தள்ளாடினால், பேச்சு குழறினால், 'இன்னும் கொஞ்சம்தான், ஓடு' என்று கத்தாமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

கடலுக்கு அனுப்பும் முன்

நீச்சல் என்று பேசிவிட்டு, இந்தக் கரையில் நின்றுகொண்டு, ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26-ஐயும் 2017 ஒக்கிப் புயலையும் இந்தக் கரை மறக்கவில்லை. கடல் பிழைப்பைத் தருகிறது, ஆளையும் எடுத்துக்கொள்கிறது என்று அறிந்த தாய்மார்கள் பிள்ளையை நீந்த அனுப்பத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை நாம் கேலி செய்யக் கூடாது. பதிலும் சொல்ல வேண்டும்.

பதில் இதுதான். முட்டம், கடியப்பட்டணம் கரைகளில் பாறையும் அலையும் அதிகம். இது கற்றுக்கொள்ளும் இடமல்ல. மேற்பார்வை உள்ள நீச்சல் குளத்தில்தான் தொடங்க வேண்டும். நாஞ்சில் நாட்டின் குளங்களிலும் சானல்களிலும் தலைமுறை தலைமுறையாக நீந்தியிருக்கிறார்கள் என்றாலும், ஆழமும் சேறும் தெரியாத நீரில் மாணவரைத் தனியாக இறக்கவே கூடாது. கடலில் இறங்குவது கடைசிக் கட்டம். அப்போதும் கடலறிந்த பெரியவரும் படகும் பக்கத்தில் வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். விளையாட்டில் சேராத பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். உயிர் காக்கும் பாடம்.

கடற்கரை ஊர்களில் பையன்கள் எப்படியோ நீந்தக் கற்றுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. உடை பற்றிய கூச்சம், யார் பார்ப்பார்கள் என்ற அச்சம், துணைக்கு ஆள் இல்லாமை என்று பல தடைகள். ஆசிரியைகள் நால்வர் முன்வந்து துணை நின்றால் இந்தத் தடை பாதி விலகும். கடலோரத்தில் பிறந்த பெண் நீந்தத் தெரியாமல் வளர்வது அவளுடைய பாதுகாப்பையே பாதிக்கும் குறை என்று பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

நிதி கேட்டும் அரசாணை கேட்டும் காத்திராமல் நாளையே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, போட்டிக்குப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. பயிற்சி, தூக்கம், சாப்பாடு, உடல்வலி, போட்டி நேரம் ஆகியவற்றை மாணவரே எழுதட்டும். மாதம் ஒருமுறை உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து பத்து நிமிடம் அதைப் படிக்கட்டும். இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒன்றாகப் பேசும் வாய்ப்பு நம் பள்ளிகளில் மிக அரிது.

இரண்டு, ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டி நாள்களையும் தேர்வு நாள்களையும் ஒரே தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். எங்கே மோதுகிறது என்று முன்கூட்டியே தெரியும். போட்டிக்குப் போன நாள்களின் பாடத்தை யார், எப்போது சொல்லித்தருவது என்று அன்றே முடிவாகட்டும். திரும்பி வந்த மாணவரை 'ஊர் சுத்திட்டு வந்தாச்சா?' என்று வரவேற்கும் வழக்கம் நிற்கட்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கும் வழக்கமும் குறையட்டும்.

மூன்று, காலை வணக்கக் கூட்டத்தில் வென்றவரை மட்டும் மேடையேற்றுகிறோம். போட்டியை முடித்து வந்த எல்லோருடைய பெயரையும் வாசியுங்கள். தன் சொந்த நேரத்தைக் குறைத்த மாணவருக்குக் கைதட்டுங்கள், அவர் பதினெட்டாவதாக வந்திருந்தாலும். தொடக்கத்தில் கேட்டேனே, தெற்காசியாவில் வெள்ளி வென்றவர் காமன்வெல்த்தில் பின்னால் முடித்தது ஏற்றமா, இறக்கமா என்று. கடினமான போட்டிக்குத் தகுதி பெறுவதே ஏற்றம்தான். வட்டாரத்தில் முதலாவதாக வந்து, மாவட்டத்தில் பத்தாவதாக வந்த மாணவரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நாம்தான். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்கு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், தேர்வுப் போட்டிகள், உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீடு ஆகியவை பற்றிய விவரங்களை உரிய நேரத்தில் பெற்றோருக்குச் சொல்லுங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் மீன் விற்கப் போகும் அம்மாவுக்கும் விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரிய வழியில்லை. ஒரு கையெழுத்து தாமதமானதால் ஒரு பருவமே வீணாகக் கூடாது.

ஐந்து, தோற்று வந்த நாளில் அறிவுரை வேண்டாம். அன்று சாப்பாடும் ஓய்வும் போதும். இரண்டு நாள் கழித்து நோட்டைத் திறந்து, பகுதி பகுதியாகப் பாருங்கள். முன்னேறிய பகுதியை முதலில் கேளுங்கள். பிறகு இழந்த இடத்துக்கு வாருங்கள்.

நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் ஒலிம்பிக் போகிறவர் ஒருவரோ, யாருமே இல்லையோ. பருவம் முழுவதும் தன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே எழுதி, தானே படித்து, அடுத்த முறை எதை மாற்றுவது என்று யோசிக்கப் பழகிய பிள்ளை, பத்தாம் வகுப்பில் தவறினாலும் துணைத்தேர்வு எழுத வரும். படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்கோ கட்டட வேலைக்கோ போக நேர்ந்தாலும், ஓராண்டு கழித்துத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும். அப்படி வந்து நிற்கும் பிள்ளையை உள்ளே அழைத்து உட்காரவைக்கும் ஆசிரியராக நாம் இருப்போம்.